வயிற்றுத் தசைத் தளர்வு வெறும் அழகுப் பிரச்சினையன்று

பிள்ளைப்பேற்றின் பின் தனது வயிறு தளர்ந்துவிட்டதென ஒரு பெண் முறையிட்டால், எமது சமூகம் இரு பதில்களையே வைத்திருக்கிறது. "பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான்" என்பது ஒன்று. "அழகு பார்க்கும் வயதா இது?" என்பது மற்றையது. இரண்டும் அவரது வாயை அடைத்துவிடுகின்றன. அம்முறைப்பாட்டின் பின்னே உண்மையான உடற்குறை இருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை.

வயிற்றின் முன்புறத்தில் விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை இரு நெடுந்தசைகள் இறங்குகின்றன. அவற்றை நடுவே பிணைத்திருப்பது ஒரு நார்ப்பட்டி. கரு வளர்கையில் இப்பட்டி இழுபட்டு மெலிய, தசைகள் விலகுகின்றன. பிரசவத்தின் பின் சுமார் 8 வாரங்களில் பலருக்கு இவ்விடைவெளி ஒடுங்கிவிடும், சிலருக்கு ஒடுங்குவதில்லை. இவர்களுட் சிலர் முதுகுவலியாலும் சிறுநீர்க் கசிவாலும் துன்புறுகின்றனர். துப்புரவுத் தொழிலிலும் உணவகச் சமையலறைகளிலும் பாரம் தூக்கி உழைக்கும் எமது பெண்களுக்கு இது அழகு பற்றிய கவலையன்று. பிழைப்புப் பற்றிய கவலை.

அவுஸ்திரேலிய அரசு 2016 ஜனவரியில் இச்சத்திரசிகிச்சைக்கான மெடிக்கெயார் உதவியிலிருந்து மகப்பேற்றால் பாதிக்கப்பட்ட பெண்களை விலக்கியது. 2022 ஜூலையில் அவ்வுதவி மீண்டும் வழங்கப்பட்டது. ஆயினும் நிபந்தனைகள் உண்டு. இடைவெளி குறைந்தது 3 சென்ரிமீற்றர் என ஸ்கான் காட்டவேண்டும். வலி அல்லது சிறுநீர்த் தொல்லை போன்ற அறிகுறிகள் இருக்கவேண்டும். இயன்மருத்துவம் பலனளிக்காதிருக்க வேண்டும். முந்திய 12 மாதங்களில் கருவுற்றிருத்தல் கூடாது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையோ இதனைப் பொதுவாக வழங்குவதில்லை. அகதிக் கோரிக்கை தீர்மானிக்கப்படாதோர் தத்தம் நாட்டில் தமக்குள்ள மருத்துவ உரிமையை முதலில் விசாரித்தறிதல் வேண்டும்.

இந்நிபந்தனைகள் காட்டும் ஒழுங்கே சரியானது என்பது எமது கருத்து. முதலில் இயன்மருத்துவரின் வழிகாட்டலில் பயிற்சி. அது போதாதெனில் மாத்திரமே கத்தி. ஊர் வழக்கப்படி துணியால் வயிறு கட்டுவது தாங்குதலைத் தரலாம். பிரிந்த தசையை அது ஒட்டிவிடாது.

சத்திரசிகிச்சையிலும் வகைகள் உண்டு. கொழுப்பை உறிஞ்சி எடுப்பதோ தோலை வெட்டி அகற்றுவதோ தசையை இறுக்கமாட்டாது. தசையை மூடிய உறையை நடுக்கோட்டில் தைத்துச் சேர்ப்பதே இறுக்கும் முறை. தோலும் பெரிதும் தொங்கினால் அடிவயிற்றில் இடுப்பின் ஒரு புறமிருந்து மறுபுறம்வரை வெட்டி, தொப்புளுக்கு மேலும் கீழும் தைப்பர். தளர்வு தொப்புளுக்குக் கீழே மட்டுமெனின் சிறிய வெட்டுப் போதும். மிகைத்தோல் இல்லாதோருக்குச் சிறு துளைகள் வழியே கமராவின் துணையுடன் தைக்கும் முறையும் உண்டு. எந்த முறை பொருந்தும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது உடலின் நிலையேயன்றி, விளம்பரத்தில் உள்ள விலை அல்ல.

ஆபத்துகளையும் மறைத்தலாகாது. தொற்று, காயத்தினுள் நீர் தேங்குதல், காலில் இரத்தம் உறைதல், தோல் மரத்துப்போதல் ஆகியன நேரலாம். பெரிய வெட்டின் வடு மறையாது. சுமார் 6 வாரங்களுக்குப் பாரம் தூக்க முடியாது, கைக்குழந்தையும் பாரமே. மீண்டும் கருவுற்றால் தைத்த தசை தளரக்கூடும். ஆதலால் மேலும் பிள்ளை விரும்புவோர் பொறுத்திருப்பது நன்று. மலிவென்று வேறு நாடு செல்வோர், திரும்பிய பின் காயம் பழுதானால் யார் பார்ப்பார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வைத்தியரிடம் செல்லும்போது பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். தாயின் உடல் பற்றிய இக்கேள்விகளை ஒரு சிறுவனின் நாவில் ஏற்றுதல் தகாது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். இடைவெளி எவ்வளவு, எந்த முறை, ஏன் அது என்ற மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை கையொப்பமிடாதீர்கள்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுச் சுமையை அந்த வயிறும் சேர்ந்தே தாங்குகிறது. அதன் வலியைக் கேலி செய்யாது செவிமடுப்பதே முதற் சிகிச்சை.