ஞாயிற்றுக்கிழமை உத்தியோகம்

பாளையங்கோட்டையில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அண்ணாச்சி, ஞாயிறு தவறாமல் ஜெயிலுக்குப் போவார். பதறாதீர்கள்... சாயங்காலம் திரும்பி வந்துவிடுவார்!

காலையில் சர்ச். மத்தியானம் கறிக்குழம்பு. கட்டையைக் கொஞ்சம் சாய்க்கலாம் என்றுகூட இல்லாமல், மஞ்சள் பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு மத்திய சிறைக்குக் கிளம்பிவிடுவார். பைக்குள் பைபிள், ஒரு கட்டு இன்லண்ட் லெட்டர், இரண்டு பேனா. அரசாங்க ஆபீஸில் 34 வருஷம் குமாஸ்தாவாக இருந்து ரிடையரானவர். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். சம்பளமில்லாத இந்த உத்தியோகத்தில் மட்டும் ரிடையர்மென்ட் கிடையாது.

"எனக்கு அந்த ஜெயிலுதான் சக்களத்தி" என்பார் அவர் மனைவி. நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம்.

1996 மார்ச் 10, ஞாயிறு. முதல் நாள்தான் பெங்களூரில் பாகிஸ்தானை வேர்ல்ட் கப்பில் ஜெயித்திருந்தோம். அந்தக் குஷியில், "நானும் வரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு மாச வாடகை பாக்கி இருந்ததும் ஒரு காரணம். மறைப்பானேன்!

"வாரும்வே" என்றார்.

சோதனையெல்லாம் முடிந்து உள்ளே போனோம். பெரிய பிரசங்கம் எதிர்பார்த்தேன். ஐந்து நிமிஷம் ஜெபம், அவ்வளவுதான். அப்புறம் இரண்டு மணி நேரம் லெட்டர் எழுதிக் கொடுத்தார். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல, 34 வருஷம் 'மேற்படி பொருள் குறித்து' என்று எழுதிய கை, 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று எழுதியது. கூட்டம் சேரவே, என் கையிலும் ஒரு பேனாவைத் திணித்தார்.

எனக்கு வந்த ஆள் என் வயசுப் பையன். விளாத்திகுளம் பக்கம். சைக்கிள் திருட்டுக் கேஸ். கோர்ட்டில் ஜாமீன் கொடுத்துவிட்டார்கள், கையெழுத்துப் போட ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம், உள்ளே இருக்கிறான். இது ஏதோ அந்தக் காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2022 கடைசியில் எடுத்த அரசுக் கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை!

"என்ன எழுதணும்?" என்றேன்.

ரொம்ப நேரம் யோசித்தான். "எம்மேல கோவமான்னு கேட்டு எழுதுங்கண்ணே."

ஒரே வரி. மீதி இன்லண்ட் வெள்ளையாகவே போயிற்று. கிளம்பும்போது, "பதில் வந்தா நீங்கதான் படிச்சுச் சொல்லணும்" என்றான். "அதுக்கென்ன, அடுத்த ஞாயிறு வரேன்" என்றேன். நாம்தான் வாக்குக் கொடுப்பதில் கர்ணனாச்சே!

அடுத்த ஞாயிறு மார்ச் 17. லாகூரில் இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஃபைனல். அரவிந்த டி சில்வா 107 அடித்தார். நான் டி.வி. முன்னால் இருந்தேன். அதற்கடுத்த ஞாயிறு ஆபீஸ் நண்பன் கல்யாணம். மூன்றாவது ஞாயிறுக்குக் காரணமே இல்லை, வெட்கம்தான். அண்ணாச்சி சைக்கிள் மணி கேட்டதும் பாத்ரூமுக்குள் புகுந்துகொண்டேன்.

அன்று ராத்திரி மாடியேறி வந்தார். போச்சு, வாடகை என்று நினைத்தேன்.

"தம்பி, அந்தப் பயலுக்கு லெட்டர் வந்து ஒரு வாரமாச்சு. நான் படிக்கேன்னேன், தரமாட்டேங்கான். எழுதுன அண்ணன்தான் படிக்கணுமாம். மடிச்சு சட்டைக்குள்ளயே வெச்சிருக்கான்."

எனக்குத் தலை நிமிரவில்லை. "அதை விடும்வே" என்று உட்கார்ந்து ஒரு கதை சொன்னார்.

எலிசபெத் ஃப்ரை என்று லண்டனில் ஒரு அம்மா. க்வேக்கர் சபை. கடைசியில் பதினொரு பிள்ளைகளுக்குத் தாய். 1813-ல் நியூகேட் சிறைக்குள் போய், பெண்களும் குழந்தைகளும் நெருக்கியடித்துக் கிடந்ததைப் பார்த்து ஆடிப்போனார். ஆனால் மறுபடி போய்ச் சேர 1816 கடைசியாகிவிட்டது. நடுவில் பிரசவம், ஒரு பெண் குழந்தையின் சாவு, பணமுடை. இரண்டாம் தடவை போனவர் விடவில்லை. சிறைக்குள்ளேயே குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், பெண்களுக்குத் தையல் வேலை. பார்லிமென்ட் கமிட்டி முன்னால் சாட்சியும் சொன்னார். 1823-ல் வந்த சட்டம், பெண் கைதிகளைப் பெண்கள்தான் காவல் காக்க வேண்டும் என்றது. (பிற்காலத்தில், 2002 முதல் 2017 வரை இங்கிலாந்தின் 5 பவுண்டு நோட்டில் அவர் படம் இருந்தது.)

"அந்த அம்மாவே மூணு வருஷத்துக்கு மேல போவல. நீரு மூணு வாரந்தானே? ரெண்டாம் தடவை போறதுதான்வே கணக்கு" என்றார் அண்ணாச்சி.

அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 7, ஈஸ்டர். போனேன். பையன் கோபிக்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினான். வியர்வையில் மை பரவியிருந்தது. யாரோ எழுதிக் கொடுத்த அம்மாவின் கடிதம். இரண்டே வரி.

'செவலை கன்னு போட்டிருக்கு, கிடேரி. விக்கலை, நீ வந்து பாத்துக்கோ.'

"கோவமில்லைங்குது!" என்றான். ஐந்து தடவை படிக்கச் சொன்னான். ஐந்தாவது தடவை எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அண்ணாச்சி 2023-ல், 89 வயதில் காலமானார். முழங்கால் மக்கர் பண்ணுகிற வரை ஒரு ஞாயிறுகூட அவர் விட்டதில்லை. துக்கம் கேட்கப் போனபோது, அக்கா உள்ளே போய் அந்த மஞ்சள் பையை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"இத்தனை வருஷம் சக்களத்தியோட குடும்பம் நடத்தியாச்சு தம்பி. இனி நீ வெச்சுக்கோ."

உள்ளே எழுதாத இன்லண்ட் இன்னும் ஏழு இருந்தது. வைத்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன் என்று சொன்னால் அது பொய். மாசத்துக்கு ஒருமுறை போனால் அதிகம். போகாத ஞாயிறுகளில் பை ஆணியில் தொங்கியபடி என்னையே பார்க்கிறது.

பாத்ரூமுக்குள் போய் ஒளிந்தாலும் விடமாட்டேன் என்கிறது!