கதாநாயகனின் வயதைத் தீர்மானிப்பது யார்?

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் ஒரு மாலைப்பொழுதில் தனது மடிக்கணனியை என் முன்னே வைத்து, "அப்பப்பா, உங்களுக்கொரு ஆளைச் செய்யுங்கோ" என்றான். பாத்திரமேற்று ஆடும் கணனி விளையாட்டு ஒன்று திரையில் விரிந்திருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகையில் மற்றவர்களைப் பற்றியே எழுதிப் பழகிய எனக்கு, என்னையே ஒரு பாத்திரமாக வார்த்துப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு மகிழ்ச்சியைத் தந்தது. தலைமுடியை வெண்மையாக்கினேன். முகச்சுருக்கத்துக்கான அளவுகோலைக் கடைசி எல்லை வரை நகர்த்தினேன்.

பேரன் திகைத்துப் போனான். "கிழவனாய் ஆர் அப்பப்பா விளையாடுவினம்?" என்று கேட்டான்.

அவனது அச்சம் வீணானது. எனது கிழவன் மலையேறினான், மதில் தாண்டினான், மூச்சு வாங்காமல் ஓடினான். வழியில் சந்தித்த முதல் கிராமவாசி அவனை "இளைஞனே" என்று விளித்தபோதுதான் எனக்கு விடயம் புரிந்தது. நான் அவனுக்குக் கொடுத்தது சுருக்கங்களை மட்டுமே, வயதை அல்ல.

வாசகர்களில் பலர் இவ்வகை விளையாட்டுகளைச் சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக்கூடும். ஆயினும், இன்று கோடிக்கணக்கானோர் நாவல் வாசிப்பதற்கு ஈடான நேரத்தை இவற்றில் செலவிடுகின்றனர். நாவலில் நாயகனின் வயதை ஆசிரியரே தீர்மானிக்கிறார். இங்கோ வாசகரே நாயகனாகிறார். அப்படியாயின் அந்த நாயகனின் வயது எவர் கையில் இருக்கவேண்டும்? கேள்வி சிறியதெனத் தோன்றினாலும், மனித வாழ்வை இக்கலை எவ்வளவு மதிக்கிறது என்பதற்கான உரைகல் அதுவே என்பது என் எண்ணம்.

கணனிக்கு முன்பே, காகிதமும் பகடையும் கொண்டு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடிய காலத்திலேயே இக்கேள்வி எழுந்துவிட்டது. 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளின் மூலவேர். 2000ஆம் ஆண்டு வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பில் மனிதப் பாத்திரத்துக்கு 35, 53, 70 என்று மூன்று படிகள் இருந்தன. ஒவ்வொரு படியிலும் உடல் வலிமை குறையும். அறிவும் விவேகமும் கூடும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் வயதுக்கான இந்தக் கூட்டல் கழித்தல்கள் இல்லை. வயது வெறும் வருணனையாகிவிட்டது.

என்னை அதிகம் கவர்ந்தது 1977இல் வெளியான 'ட்ரவலர்'. இதில் பாத்திரம் 18 வயதில் தொடங்குகிறது. பின்னர் கடற்படை, தரைப்படை, வணிகம் என ஏதேனும் ஒரு துறையில் நான்கு நான்கு ஆண்டுத் தவணைகளாகப் பணியாற்றுகிறது. ஒவ்வொரு தவணையிலும் புதிய திறமைகள் கிடைக்கும். அதே தவணையில் உயிர் பிழைக்கவும் பகடை உருட்டியாகவேண்டும். தவறினால் விளையாட்டுத் தொடங்கும் முன்பே பாத்திரம் இறந்துபோகலாம். 34 வயதிலிருந்து முதுமையின் பகடையும் சேர்ந்துகொள்ளும். எத்தனை தவணை என்பது பெரும்பாலும் ஆடுபவரின் தெரிவு. ஆனால் தெரிவுக்கு விலை உண்டு. முதியவராக விளையாட விரும்புகிறவர் அந்த ஆண்டுகளைக் கடந்துதான் வரவேண்டும்.

கணனி விளையாட்டுகள் இந்தச் சமநிலையைப் பெரும்பாலும் தவறவிட்டன. 1997இல் வெளியான 'ஃபோல்அவுட்' ஆடுபவரிடம் வயதைக் கேட்டது. ஆனால் 16க்கும் 35க்கும் இடையில் மட்டும். அணுப்போரில் அழிந்த உலகில் 36 வயதுக்காரருக்கு இடமில்லை போலும்! 2007இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' நாயகனின் முகத்தை விரும்பியபடி செதுக்க இடமளித்தது. எவ்வளவு முதிர்ந்த முகத்தைச் செதுக்கினாலும் கதையின்படி தளபதி ஷெப்பர்ட் 2154இல் பிறந்து 2183இல் களமிறங்கும் 29 வயதுக்காரரே.

எல்லா நாயகர்களின் வயதையும் ஆடுபவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கி படைத்த கெரால்டின் நரைத்த தலையோடுதான் 'த விட்சர்' விளையாட்டுகள் வாழ்கின்றன. அவனை இருபது வயது வாலிபனாக்கும் உரிமையை ஆடுபவருக்குக் கொடுத்தால் கதையே சரிந்துவிடும். 1992இல் ஜப்பானில் வெளியான 'ட்ராகன் குவெஸ்ட்' ஐந்தாம் பாகம் இதைவிடச் சிறந்த உதாரணம். நாயகன் சிறுவனாகத் தந்தையோடு அலைகிறான். தந்தையை இழந்து அடிமையாகிறான். பத்து ஆண்டுகள் கழிகின்றன. பின்னர் மணமுடித்துத் தகப்பனாகிறான். மறுபடியும் கல்லாகச் சபிக்கப்பட்டு, தன் பிள்ளைகள் வளர்வதைக் காணாமலே ஆண்டுகளை இழக்கிறான். இவற்றில் எதற்கும் ஆடுபவரின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. யாரை மணப்பது என்பதை மட்டும் அவர் தெரிவு செய்யலாம்.

போரிலும் தடுப்பிலும் இடப்பெயர்விலும் ஆண்டுகளைப் பறிகொடுத்த எம்மவர்களுக்கு இதன் உண்மையை எவரும் விளக்கத் தேவையில்லை. காலம் எங்களிடமும் சம்மதம் கேட்கவில்லை.

ஆகவே இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பது என் வாதம். தொடக்க வயது ஒன்று; காலத்தின் ஓட்டம் மற்றொன்று. நாயகன் ஆடுபவரே உருவாக்கும் வெற்றுப் பாத்திரமாயின், தொடக்க வயதைத் தெரிவு செய்யும் உரிமை அவருக்கு முழுமையாக இருக்கவேண்டும். காலத்தின் ஓட்டமோ படைப்பாளியிடமே இருக்கவேண்டும். 2004இல் வந்த 'ஃபேபிள்' இதைத் துணிவோடு முயன்றது. அதில் திறமைகளை வளர்க்க வளர்க்க நாயகனுக்கு வயதும் ஏறும். சிறுவனாகக் கண்ட நாயகன் நரைத்து நிற்பதைப் பார்க்கையில், கற்றதற்கு ஆயுளால் விலை கொடுத்தோம் என்ற உணர்வு ஏற்படும். குறைபாடுகள் இருந்தாலும் அது நேர்மையான முயற்சி.

மறுப்புகளும் உண்டு. பலவயது நாயகனுக்குப் பலவிதமான உரையாடல்களை எழுதி, குரல் பதிவு செய்வது பெருஞ்செலவு என்பார்கள். உண்மைதான். ஆனால் நூறு உரையாடல்களை மாற்றத் தேவையில்லை. பத்து இடங்களில் மாற்றினால் போதும். ஒரு காவலாளி "ஐயா, இருங்கோ" என்று கதிரை தருவதும், ஒரு படைத்தலைவன் "உங்களால் இது முடியுமா?" என்று ஏளனமாகப் பார்ப்பதும் போதும். முதுமை என்பது மூட்டுவலி மட்டுமல்ல. மதிப்பும் அலட்சியமும் ஒரே நாளில் ஒரே தெருவில் கிடைக்கும் அனுபவம் அது.

வாழ்வின் துன்பங்களை மறக்கத்தானே விளையாடுகிறோம், அங்கும் எதற்கு முதுமை என்று வேறு சிலர் கேட்கலாம். வேண்டாதவர் இளைஞராகவே ஆடட்டும். ஆனால் முதுமையைத் தெரிந்தெடுத்தவருக்கு அதை வர்ணப்பூச்சாக மட்டும் கொடுப்பது ஏமாற்று. 'கோல் ஒஃப் கத்துலு' என்ற மேசை விளையாட்டின் ஏழாம் பதிப்பில் 15 வயது முதல் எண்பதுகள் வரை தெரிவு செய்யலாம். வயது ஏற ஏற உடல் தளரும், கல்வி வளரும். அங்கு முதியவர் சுமையல்ல. மற்றவர்கள் அறியாததை அறிந்தவர்.

ஓர் எல்லையை மட்டும் வற்புறுத்துவேன். காதல் உறவுகள் இடம்பெறும் விளையாட்டில் நாயகனைச் சிறுவராக்கும் உரிமை எவருக்கும் இருக்கக்கூடாது. அங்கு ஆடுபவரின் சுதந்திரம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

அன்றிரவு பேரனுக்கு 'ட்ரவலர்' பற்றிச் சொன்னேன். கணனியை மூடிவிட்டு ஒரு கொப்பித் தாளை எடுத்து வந்தான். அந்த விதிப்படி என் வாழ்வை எழுதிப் பார்த்தோம். எனக்கு 18 வயதானது 1972இல். அங்கிருந்து நான்கு நான்கு ஆண்டுகளாகக் கோடு போட்டான். முதல் தவணைகளில் எழுத நிறைய இருந்தது: தட்டச்சு, ஒப்புநோக்குதல், செய்தி சேகரிப்பு. 34 வயதுக்கான கட்டம் 1988இல் விழுந்தது. யாழ்ப்பாணத்தில் இந்தியப் படை நிலைகொண்டிருந்த காலம். 1992இல் தொடங்கிய கட்டத்துக்குள் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு அடங்கியது.

"இந்த நாலு வருசத்தில என்ன திறமை கிடைச்சது, அப்பப்பா?" என்று கேட்டான்.

சற்று யோசித்துவிட்டு, "உயிர் பிழைச்சது" என்றேன். அவன் அதையும் கட்டத்துக்குள் எழுதிக்கொண்டான்.

விமானமேறுவதற்கு முந்தைய நாள் அவன் புதிய பாத்திரம் ஒன்றை உருவாக்கினான். அதன் தலை நரைத்திருந்தது. பெயரிடும் இடத்தில் என் பெயரை எழுதியிருந்தான். அந்த விளையாட்டு அவனை இன்னமும் "இளைஞனே" என்றுதான் அழைக்கும். இதைத் திருத்தவேண்டியவர்கள் அதை உருவாக்கியவர்கள்தான்.