ராஜா ஏற்றிய தீபம்

2020 செப்டம்பர் 25, மதியம். 74 வயதில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் சென்னையில் காலமானார். திரையுலகமே இரங்கல் எழுதிக்கொண்டிருந்தபோது, இளையராஜா திருவண்ணாமலையில் நண்பனுக்காக மோட்ச தீபம் ஏற்றினார்.

அதற்கு முன், ஆகஸ்ட் மாதம் எஸ்.பி.பி.யின் உடல்நிலை மோசமானபோது, ராஜா ஒரு வீடியோ வெளியிட்டார். எதிரே பாலு உட்கார்ந்திருப்பதைப்போலவே பேச்சு. சீக்கிரம் எழுந்து வரச் சொன்னார். சண்டை போட்டாலும் போடாவிட்டாலும் நம் நட்பு நட்புதான் என்றும் சொன்னார்.

நண்பன் உயிருக்குப் போராடும் நேரத்தில் சண்டையைப் பற்றி ஏன் பேச வேண்டும்? அது மனதை உறுத்திக்கொண்டே இருந்திருக்கும்.

இந்த நட்பு சினிமாவில் தொடங்கியதல்ல. ‘அன்னக்கிளி’க்குப் பல வருடங்கள் முன்பே, எஸ்.பி.பி.யின் மேடைக் கச்சேரிகளில் ராஜாவும் அவர் சகோதரர்களும் வாசித்தார்கள். அப்போது பாலு பெயர் வாங்கிவிட்ட பாடகர், ராஜா பக்கவாத்தியக்காரர். பிறகு ராஜா இசையமைப்பாளரானார். பாலு அவர் கொடுத்த மெட்டுகளைத் தன் நோட்டில் தெலுங்கு எழுத்தில் வரிகளாக எழுதிவைத்துப் பாடினார். தமிழ் வரிகள்தான், எழுத்து மட்டும் தெலுங்கு! 1983-ல் வந்த ‘சாகர சங்கமம்’ (நமக்கு ‘சலங்கை ஒலி’) படத்துக்காக இருவருக்குமே தேசிய விருது கிடைத்தது.

2017 மார்ச்சில் வந்தது அந்த வக்கீல் நோட்டீஸ். எஸ்.பி.பி. அமெரிக்காவில் தன் 50 வருட இசைப் பயணத்தைக் கொண்டாடும் கச்சேரிகளில் இருந்தார். அனுமதியில்லாமல் தன் பாடல்களை மேடையில் பாடக் கூடாது என்றது ராஜா தரப்பு. இப்படி ஒரு சட்டம் இருப்பதே தனக்குத் தெரியாது, இருந்தால் கட்டுப்படுகிறேன் என்று ஃபேஸ்புக்கில் எழுதிய பாலு, ராஜா பாடல்களை நிறுத்திவிட்டு மற்ற பாடல்களோடு கச்சேரியைத் தொடர்ந்தார். இதை வைத்து யாரும் கடுமையாகப் பேச வேண்டாம் என்று ரசிகர்களையும் கேட்டுக்கொண்டார்.

இசையமைப்பாளருக்குத் தன் பாடல்மீது உரிமை உண்டு. ராஜா கேட்டதில் தவறு சொல்ல முடியாது. ஆனால், ‘வாடா போடா’ என்று பேசிக்கொள்கிற இருவருக்கு நடுவே வக்கீல் எதற்கு? ஒரு போன் போதாதா? ரசிகர்கள் அன்று கேட்டது இதைத்தான்.

2019-ல் ராஜாவின் ‘இசை செலிபரேட்ஸ் இசை’ கச்சேரிக்கான ஒத்திகையில் இருவரும் கட்டிப்பிடித்து நின்ற போட்டோ வந்தபோது, வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் நெகிழ்ந்துபோயின. கச்சேரி ஜூன் 2, ராஜா பிறந்தநாள் கொண்டாடும் தேதி. பாலுவின் பிறந்தநாள் ஜூன் 4.

அந்த மேடையிலிருந்து செப்டம்பர் 25 வரை கணக்குப் போட்டால் 16 மாதம்கூட முழுதாக இல்லை. அதிலும் கடைசி ஆறு மாதம் கொரோனா.

இப்போது ராஜாவின் மேடையில் அப்பாவின் பாடல்களைச் சரண் பாடுகிறார்.