வழக்கத்திற்கு மாறானதோ தமிழெழுத்து?

தமிழன் ஒருவன் தன் கணினியில் ஒரு கோப்பை உருவாக்குகின்றான். அதற்குத் “தமிழ்” என்றே பெயரிடுகின்றான். பின்னர், எந்தெந்தக் கோப்புகள் மாறியுள்ளன என்று “கிட்” என்னும் மென்பொருளை வினவுகின்றான். அது அவனுக்குத் தரும் விடை இது:

“\340\256\244\340\256\256\340\256\277\340\256\264\340\257\215”

மூன்றெழுத்துப் பெயர் பதினைந்து எண்களாக, அறுபது குறிகளாகச் சிதைந்து கிடக்கின்றது! தாயின் பெயரைக் கேட்டவனுக்குச் சிறைக்கூடத்து எண்ணைச் சொல்லி அனுப்புவது போன்றது இது. இவ்விழிவு எங்கிருந்து வந்தது? இதை நீக்கும் வழி யாது? வழியிருந்தும் நீக்காதிருப்பவர் யாவர்? தமிழுணர்வுடையார் ஆய்ந்து பார்த்தற்குரிய வினாக்கள் இவை.

கிட் என்பது பதிப்புகளைக் காக்கும் மென்பொருள். ஒரு நிரலையோ நூலையோ பலர் கூடித் திருத்துங்கால், எவர், எப்பொழுது, எவ்வரியை மாற்றினார் என்பதைப் பதிந்து வைத்து, வேண்டும்பொழுது பழைய வடிவை மீட்டுத் தருவது அதன் பணி. லினக்சு இயங்குதளத்தின் கருவைப் படைத்த பின்லாந்து நாட்டினர் லினசு தோர்வால்டுசு, அதுவரை கையாண்டு வந்த பிட்கீப்பர் என்னும் மென்பொருளின் கட்டணமிலா உரிமம் விலக்கப்பெற்றதால், 2005-ஆம் ஆண்டு ஏப்பிரலில் இதனை எழுதினார். இன்று உலகெங்கும் நிரலாளர் நாள்தோறும் புழங்கும் கருவி இது. சென்னையிலும் கோவையிலும் மென்பொருள் எழுதும் தமிழிளைஞர் இதனை அறியாதாரல்லர். நிரலுக்கு மட்டுமன்று, அகரமுதலியையும் பாடநூலையும் பழந்தமிழ்ப் பனுவலையும் பலர் கூடிப் பிழைநீக்கிக் காப்பதற்கும் இஃது ஏற்ற கருவியே.

அத்தகைய கருவி தமிழ்ப்பெயரை மட்டும் ஏன் எண்களாகச் சிதைக்கின்றது? கோப்புப் பெயர்களில் “வழக்கத்திற்கு மாறான” குறிகள் இருப்பின் அவற்றை மேற்கோட்குறிக்குள் அடைத்து, எட்டை அடியாகக் கொண்ட எண்களாக மாற்றிக் காட்டுமாறு அது அமைக்கப்பெற்றுள்ளது. எவை வழக்கத்திற்கு மாறானவை? ஆசுக்கி எனப்பெறும் பழைய குறிமுறையின் 128 இடங்களுக்கு அப்பாற்பட்ட பைட்டுகள் அனைத்தும்! அந்த 128 இடங்களுக்குள் ஆங்கிலத்தின் எழுத்துகள் அனைத்தும் அடங்கும். தமிழின் ஓரெழுத்தும் அடங்காது. ஒருங்குறியில் தமிழெழுத்தின் ஒவ்வொரு குறியும் மும்மூன்று பைட்டுகளாகப் பதிவாகின்றது. “தமிழ்” என்னும் சொல்லில் குறிகள் ஐந்து. ஆதலின் பைட்டுகள் பதினைந்து. அப்பதினைந்தும் வழக்கத்திற்கு மாறானவையாம்!

எவருடைய வழக்கத்திற்கு மாறானவை? ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே பாறையிலும் பானையோட்டிலும் தன் பெயரைப் பொறித்த இனத்திற்குத் தமிழெழுத்து வழக்கத்திற்கு மாறானதா? தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. உருசிய எழுத்துக்கும் கிரேக்க எழுத்துக்கும் சீன எழுத்துக்கும் இதே நிலைதான். செருமானியரின் புள்ளியிட்ட உயிரெழுத்தும் இவ்வாறே எண்ணாகின்றது. ஆங்கிலம் ஒன்றே வழக்கம். ஏனை மொழிகளெல்லாம் வழக்கத்தின் பிறழ்வு என்னும் எண்ணத்தின் எச்சமே இவ்வமைவு.

இதற்கும் ஒரு கரணியம் உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. லினக்சில் கோப்புப் பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. அஃது எக்குறிமுறையில் எழுதப்பெற்றது என்னும் குறிப்பு அதனுள் இல்லை. தமிழிலேயே ஒருங்குறி வேரூன்றும் முன்னர்த் திசுக்கி, தாபு, தாம் எனப் பல குறிமுறைகள் நிலவின. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் குப்பையே தோன்றும். மேலும், நிரல் திருத்தங்கள் மின்னஞ்சல் வழியே செல்லும் வழக்கம் கிட் உலகில் உண்டு. பழைய அஞ்சல் மென்பொருள்கள் அந்த 128-க்கு அப்பாற்பட்ட பைட்டுகளைச் சிதைத்துவிடும். ஆதலின் எண்ணாக்கி அனுப்புவது அற்றைக்கு ஒரு காப்பு.

ஆனால் அக்காலம் மலையேறிவிட்டது. தமிழ் 1991-ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியின் முதற் பதிப்பில் இடம்பெற்றது. ஒருங்குறியைப் பைட்டுகளாகப் பதியும் யூ.டி.எப்.-8 முறையைக் கென் தாம்சனும் இராபு பைக்கும் 1992-இல் வகுத்தனர். கிட் மென்பொருளே, மாற்றத்திற்கு எழுதப்பெறும் குறிப்புரை யூ.டி.எப்.-8 முறையில் உள்ளதென்றே இயல்பாகக் கொள்கின்றது. குறிப்புரையைத் தமிழில் எழுதினால் அது தமிழாகவே தோன்றும். கோப்பின் பெயரைத் தமிழில் எழுதினால் எண்ணாகத் தோன்றும்! ஒரே வீட்டில் திண்ணையில் அமர இடந்தந்து, பெயரை மட்டும் வாயிலில் பறிப்பது என்ன முறை?

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. இவ்விழிவை நீக்கும் வழியைக் கிட் ஆக்குநர் 2007-ஆம் ஆண்டிலேயே தந்துவிட்டனர். கிட் மென்பொருளுக்கு அமைவுக்கோப்பு என்றொன்று உண்டு. எளிய எழுத்துக்கோப்பு அது. எவரும் திறந்து எழுதலாம். அதில் “கோர்” என்னும் தலைப்பைச் சதுர அடைப்பில் இட்டு, அதன்கீழ்க் “கோட்பாத்” என்னும் அமைவிற்கு எதிரே, “அன்று” எனப் பொருள்படும் “பால்சு” என்னும் சொல்லை எழுதினால் போதும். அந்நொடியே எண்கள் ஒழியும். “தமிழ்” தமிழாகத் தோன்றும். காப்பும் கெடுவதில்லை, மேற்கோட்குறி, பின்சாய்கோடு, கட்டுப்பாட்டுக் குறிகள் ஆகிய மெய்யாகவே இடர்தருவன அதன் பின்னரும் முன்போலவே மாற்றிக் காட்டப்பெறும். வேண்டுவது ஒரே வரி!

அவ்வொரு வரியை எழுதாமல் தமிழன் செய்வது என்ன? எண்களைக் கண்டு அஞ்சிக் கோப்பின் பெயரையே ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடுகின்றான். உள்ளே இருப்பது குறுந்தொகை; வெளியே பெயர் ஆங்கில எழுத்தில்! பின்னர், “தமிழ்ப்பெயர் கணினிக்கு ஒத்துவராது” என்று பிறர்க்கும் அறிவுரை கூறுகின்றான். ஒத்துவராதது தமிழா, அவன் சோம்பலா? பூட்டு ஒன்று, திறவுகோல் தன் மடியில். அதைத் தடவிப் பாராமல் வீட்டையே விற்றவனை என்னென்பது?

அமைவுக்கோப்பின் இயல்பை அறிந்தால் இச்சோம்பலின் கேடு இன்னும் விளங்கும். அக்கோப்பு முதன்மையாக மூன்று நிலைகளில் உள்ளது. கணினி முழுமைக்கும் ஒன்று. அதில் பணிசெய்யும் ஒவ்வொருவர்க்கும் ஒன்று. ஒவ்வொரு பணிக்களத்திற்கும் ஒன்று. மேலுள்ளது ஒன்று சொல்ல, அருகிலுள்ளது வேறு சொன்னால், அருகிலுள்ளதே வெல்லும். தொலைவிலிருப்பவன் வகுத்த இயல்பை வீட்டிலிருப்பவன் மாற்றலாம் என்பதே அதன் சட்டம். அச்சட்டம் தந்த உரிமையைத் தமிழன் எடுத்தாளவில்லை.

இன்னொன்றும் உண்டு. பணிக்களத்தைப் பிறர் படியெடுக்குங்கால் கோப்புகள் செல்லும், வரலாறு செல்லும், அமைவுக்கோப்பு மட்டும் செல்லாது. ஒருவர் எழுதிய அமைவு இன்னொருவர் கணினியில் அவர் அறியாமல் புகுந்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. ஆதலின் ஒருவர் தம் கணினியில் எழுதிய வரி மற்றவர்க்கு உதவாது. தலைவரொருவர் எழுதித் தொண்டர் அனைவரும் பயன்கொள்ளும் வழி ஈண்டு இல்லை. ஒவ்வொரு தமிழனும் தன் கையால், தன் கணினியில் எழுதியாக வேண்டும்.

இனி, அக்கோப்பில் எவரும் தொடக்கத்திலேயே எழுதுவது தம் பெயர். அப்பெயர் அவர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தோடும் பதிவாகின்றது. பதிவின் அடையாள எண்ணே அப்பெயரையும் சேர்த்துக் கணிக்கப்பெறுவதால், பின்னாளில் பெயரை மாற்றினால் அதன்பின் வந்த வரலாறு முழுவதும் வேறு எண்ணாகிவிடும். கல்வெட்டுக்கு நிகரான அவ்விடத்தில் தமிழெழுத்தில் பெயர் எழுதத் தடை ஏதும் இல்லை. இருந்தும் கண்ணனும் கயல்விழியும் ஆங்கில எழுத்திலேயே நிற்கின்றனர். இதற்கு எந்த வெள்ளையனைக் குறைகூறுவது?

பிறர் இட்ட இயல்பமைவு ஓரிழிவு. அதை மாற்றும் உரிமை கையிலிருந்தும் மாற்றாமை ஓராயிரம் இழிவு. முன்னது அயலான் அறியாமை. பின்னது தமிழன் அடிமைமனம். அதை ஒழிப்பதற்குப் படையும் வேண்டா; பணமும் வேண்டா; அரசாணையும் வேண்டா. இன்றிரவு கணினியை மூடுமுன் ஒவ்வொரு தமிழிளைஞனும் தன் அமைவுக்கோப்பைத் திறக்க. அவ்வொரு வரியை எழுதுக. தன் பெயரைத் தன் எழுத்தில் பொறிக்க. தன் கோப்புகட்குத் தமிழ்ப்பெயர் சூட்டுக. அதன்பின் வழக்கத்திற்கு மாறானது எது என்பதை அவன் கணினித் திரையே அவனுக்குச் சொல்லும்!