பழைய கணினிகளைத் தூக்கிப் போடும் முன்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. வீட்டில் ஒரு கணினி வைத்திருப்பவர் எப்படியாவது சமாளித்துவிடுவார். இருபது கணினிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தமிழ்ப்பள்ளிக் கணினிக்கூடத்துக்கும், ஆலய மண்டபத்தில் நடக்கும் மாலை டியூஷன் வகுப்புக்கும்தான் சிக்கல். அங்குள்ளவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனம் அலுவலகம் மாற்றியபோது கொடுத்துவிட்டுப் போனவை. 2017-க்கு முந்தைய சில்லுகள். விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாராவது எழுந்து, "எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மடிக்கணினி வாங்கிவிடலாமே" என்பார். ஒன்று 1,500 வெள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருபதுக்கு 30,000 வெள்ளி. எத்தனை நன்கொடை விருந்து நடத்துவது?

அதற்குக் கை தூக்கும் முன் பார்க்க வேண்டிய வழி ஒன்று இருக்கிறது. நல்ல கணினி ஒன்றைச் சர்வராக வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்தே எழுப்புவது. மாணவர் பொத்தானை அழுத்தியதும், அந்தப் பழைய கணினி தன் ஹார்ட் டிஸ்க்கைத் தேடாமல் கேபிள் வழியாகச் சர்வரைக் கேட்கும். இயங்குதளம் அங்கிருந்து வந்து சேரும். பழைய கணினிகளில் முதலில் படுத்துக்கொள்வது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். இந்த ஏற்பாட்டில் அது தேவையே இல்லை, கழற்றி வைத்துவிடலாம்.

இதைச் செய்யும் மென்பொருளின் பெயர் லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட். சுருக்கமாக எல்டிஎஸ்பி. 1999-இல் அமெரிக்காவின் ஜிம் மெக்குவிலன் தொடங்கியது. 2019-இல் கிரேக்கத்தைச் சேர்ந்த அல்கிஸ் ஜோர்ஜோபூலோஸ் அதை அடியிலிருந்து திருத்தி எழுதினார். திறந்த மூல மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் கிடையாது. இருபது பேர் உட்கார்ந்தாலும் ஐம்பது பேர் உட்கார்ந்தாலும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்.

தவறான முடிவு எடுக்கப்படும் இடம் ஒன்று உண்டு. கணினி சர்வரிலிருந்து எழுகிறது, சரி. அதன் பிறகு மாணவர் திறக்கும் பிரவுசர் எங்கே ஓடுகிறது? எல்லாமே சர்வரில் ஓடி, மாணவரின் திரைக்குப் படம் மட்டும் வருவதுதான் 'தின் கிளையண்ட்'. தட்டச்சுக்கும் கணக்குப் பயிற்சிக்கும் அது அருமையாக இருக்கும். ஆசிரியர் ஒரு காணொளியைப் போடச் சொன்னதும் திணறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முழு எச்டி திரையில் 1920-க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 30 படம். சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறக்குறைய 1.5 கிகாபிட். ஒரே மாணவரின் காணொளியே ஒரு கிகாபிட் கேபிளை நிரப்பிவிடும். சுருக்கி அனுப்பலாம், அந்தச் சுருக்கும் வேலையை இருபது பேருக்காகச் சர்வர் செய்தாக வேண்டும். பிரவுசருக்கு ஆளுக்கு ஒன்றரை ஜிபி ரேம் என்று வைத்தாலும் இருபது பேருக்கு 30 ஜிபி. கடைசியில் மிச்சம் பிடித்த பணமெல்லாம் சர்வருக்கே போய்விடும்.

மற்றொரு முறையை 'ஃபேட் கிளையண்ட்' என்கிறார்கள். இயங்குதளமும் கோப்புகளும் சர்வரிலிருந்து வரும், ஓடுவது மாணவரின் கணினியிலேயே. பத்து ஆண்டுப் பழைய சில்லாக இருந்தாலும் ஒருவருடைய வேலைக்குப் போதும். 4 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. குறைந்தால் லோ யாட் பிளாசா போன்ற இடங்களில் விசாரித்துப் பழைய ரேம் வாங்கிப் போடலாம். சர்வராக எஸ்எஸ்டி பொருத்திய சாதாரண மேசைக்கணினியே போதும். இன்றைய எல்டிஎஸ்பியும் முதன்மையாக இந்த முறைக்காகவே எழுதப்பட்டது. நம் கூடங்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

திரையின் பின்னால் ஒட்டிவைக்கும் சின்னப் பெட்டிகளை விற்பவர்களும் வருவார்கள். பெட்டியின் விலை மலிவாகத்தான் இருக்கும். அது விண்டோஸ் சர்வரோடு இணைவதானால், தொலைத்திரை உரிமம் ஒவ்வோர் இருக்கைக்கும் தனியாக வேண்டும். விலைப்பட்டியலில் அந்த வரி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆசிரியருக்குக் கிடைக்கும் நிம்மதி பெரிது. ஒரு மென்பொருளைச் சர்வரில் ஒருமுறை நிறுவி, இயங்குதளப் படிமத்தைப் புதுப்பித்தால், அடுத்த முறை எழும்போது இருபது கணினிகளிலும் அது இருக்கும். மாணவரின் கோப்புகள் சர்வரில் இருப்பதால், அவர் எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் தன் வேலையைத் தொடரலாம். எப்போப்டிஸ் என்ற இலவச மென்பொருளைச் சேர்த்துக்கொண்டால் எல்லாத் திரைகளையும் ஆசிரியர் தன் இடத்திலிருந்தே பார்க்கலாம், பூட்டலாம், வகுப்பு முடிந்ததும் ஒரே சொடுக்கில் அணைக்கலாம். கடைசி மணி அடித்ததும் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருபது கணினிகளை அணைத்துப் பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும். தமிழ் 99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. அதையும் சர்வரில் ஒருமுறை அமைத்தால் போதும்.

செலவு எங்கே வரும்? முதலில் கேபிள். இந்த முறையில் வைஃபை வழியாகக் கணினியை எழுப்ப நம்பாதீர்கள். ஒவ்வொரு மேசைக்கும் கம்பி போக வேண்டும், நடுவில் கிகாபிட் சுவிட்ச் வேண்டும். அலமாரியில் கிடக்கும் பழைய 100 மெகாபிட் சுவிட்சைப் போட்டால் காலை வகுப்பில் இருபதும் ஒன்றாக எழும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அடுத்தது யுபிஎஸ். நம் ஊர் மாலை இடி மழையில் சர்வர் போனால் கூடமே போச்சு. அதனால் மாணவர் கோப்புகளை வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கைக் கூடத்துக்கு வெளியே வையுங்கள். அரசாங்கச் சொத்தாகப் பதிவான கணினி என்றால், திறக்கும் முன் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. விண்டோஸில் மட்டுமே ஓடும் பாடமென்பொருளைக் கட்டாயம் பயன்படுத்தும் கூடத்துக்கு வேண்டாம். ஐந்தே கணினிகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் லினக்ஸைத் தனித்தனியாக நிறுவுவதே சுலபம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றாலும் வேண்டாம். ஒரே ஆசிரியர் எல்லாவற்றையும் தலையில் வைத்திருந்து, அவர் மாற்றலாகிப் போனதும் கதவுக்குப் பூட்டு விழுவதுதான் இந்த மாதிரித் திட்டங்களுக்கு வழக்கமாக வரும் முடிவு. குறைந்தது இரண்டு பேர் தெரிந்திருக்கட்டும். பல்கலைக்கழகத்தில் கணினித்துறை படிக்கும் முன்னாள் மாணவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார். கடவுச்சொல்லையும் செய்முறையையும் தாளில் எழுதி அலுவலகக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

நன்கொடை கேட்கப் புறப்படும் முன், ஒரு சனிக்கிழமை மூன்று பழைய கணினிகளையும் ஒரு சுவிட்சையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். ஒன்றைச் சர்வராக்கி, மற்ற இரண்டையும் அதிலிருந்து எழுப்பி, இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரு பாடக் காணொளியைப் போடுங்கள். காணொளி திக்காமல் ஓடினால் முதலில் கேபிளுக்கு அளவு எடுங்கள்.