இரண்டு ப்ராசஸர், ஒரு காப்புரிமை

மைசூரு அக்ரஹாரத்தில் வசிக்கும் ஒருவர் இரண்டு வகை ப்ராசஸர்களையும் இரண்டு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் சேர்த்துக் காப்புரிமை கேட்டால், மனு சென்னை கிண்டி அலுவலகத்தின் எல்லைக்குள் வரும். நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில். அங்கே முதலில் எழக்கூடிய கேள்வி காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு பற்றியது: இது அந்தப் பிரிவு விலக்கும் வெறும் மென்பொருளா? இந்த ஒரு கேள்வியில்தான் நாம் இருபது ஆண்டுகளாக அலைகிறோம். வன்பொருளோடு சேர்ந்த மென்பொருளுக்கு இடம்தர 2004 டிசம்பர் அவசரச் சட்டம் முயன்றது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. காப்புரிமை அலுவலகத்தின் 2016 வழிகாட்டு நெறிகள் வன்பொருளே புதிதாக இருக்க வேண்டும் என்றன. 2017-இல் அந்த நிபந்தனை போய்விட்டது. 2019-இல் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தொழில்நுட்ப விளைவைப் பார்க்கச் சொன்னது.

இப்படிப்பட்ட கலப்புக் கணினிக்குப் பொருத்தமான அளவுகோல் 3(எஃப்) பிரிவில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. தெரிந்த கருவிகளைச் சேர்த்து வைத்தாலும், ஒவ்வொன்றும் தனித்தனியே தன் பழைய வேலையையே செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அது. 1980-லேயே மைக்ரோசாஃப்டின் சாஃப்ட்கார்டு, 6502 ப்ராசஸர் கொண்ட ஆப்பிள் 2 கணினிக்குள் இஸட்80-ஐப் புகுத்தி சிபி/எம் இயங்குதளத்தை ஓட்டியது. ஆகவே 'இரண்டு ப்ராசஸர், இரண்டு இயங்குதளம்' என்ற அகன்ற உரிமைக்கோரலை இன்று யார் வைத்தாலும் மறுக்க வேண்டும். இரண்டும் ஒரே நினைவகத்தை மோதாமல் பகிர்வது எப்படி, ஒன்று நிறுத்திய வேலையை மற்றது அதே இடத்திலிருந்து தொடர்வது எப்படி என்று காட்டுபவருக்கு உரிமை தரலாம்.

எல்லாக் கண்டுபிடிப்பும் பழையவற்றின் சேர்க்கைதானே என்பார்கள். உண்மைதான். பாத்திரம் கடையும் கருவி பற்றிய மிர்சாபூர் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றமும் சேர்க்கையை ஒதுக்கவில்லை. அதிலிருந்து புதிய விளைவு பிறக்க வேண்டும் என்றது. அது இல்லாததால் அந்தக் காப்புரிமை ரத்தானது. இவ்வளவு கறாராக இருந்தால் முதலீடு வராது என்ற கவலையும் நியாயமானதே. ஆனால் எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை இருக்கிறது; உண்மையான பொறியியல் தீர்வுக்குக் குறுகிய காப்புரிமை கிடைக்கும். அகன்ற காப்புரிமையால் முதலில் அடிபடுவது, வழக்குச் செலவைத் தாங்க முடியாத சின்ன நிறுவனம். அதனால் தேர்வாளர் மனுதாரரிடம் முதலிலேயே கேட்கட்டும்: ஒரு ப்ராசஸரைக் கழற்றிவிட்டால் மற்றதன் வேலையில் என்ன மாறும்?