வந்த வழியும் போகும் வழியும்



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. நம் குடும்பங்கள் பல பாரிசுக்கும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் புறப்படுகின்றன. சில குடும்பங்கள் நீண்ட ஆண்டுகளுக்குப் பின் யாழ்ப்பாணம் செல்கின்றன. உங்கள் அனைவருடைய பயணமும் நலமாக அமைய மன்றாடுகிறேன். பெட்டிகளைக் கட்டும் இந்நாட்களில் ஒரு கேள்வியையும் உங்கள் முன் வைக்கிறேன். பயணம் செய்வதால் நமக்கு என்ன பயன்?

உலகைக் காணலாம், அறிவு வளரும், உழைத்துக் களைத்த உடல் இளைப்பாறும் என்பீர்கள். உண்மைதான். ஆயினும் அந்த விடை நமக்கு முழுமையாகப் போதாது. ஏனெனில் பயணம் என்ற சொல் நம் இல்லங்களில் வேறொரு நினைவையும் சுமந்து நிற்கிறது.

உங்களுள் மூத்தவர்கள் சிலர் 1980களில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் வந்திறங்கி, அங்கிருந்து நகரத் தொடருந்தில் மேற்கு பேர்லினை அடைந்தவர்கள். பின்னர் வந்தவர்கள் பலர், முகவர்களை நம்பி, பெயர் தெரியாத காடுகளையும் எல்லைகளையும் இரவில் கடந்தவர்கள். வந்த பிறகும், தஞ்ச விண்ணப்பம் நிலுவையிலிருந்த காலத்தில், வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதிக் கடிதமின்றி அடுத்த மாவட்டத்தில் நடந்த உறவினர் திருமணத்துக்குக்கூட உங்களால் போக முடியவில்லை. அகதியாக ஏற்கப்பட்டபோது நீல நிறப் பயண ஆவணம் கையில் வந்தது. எல்லா நாடுகளுக்கும் செல்லலாம், இலங்கை நீங்கலாக என்றது அந்த ஆவணம். அந்த ஒரு நாட்டில்தானே பெற்றோர் இருந்தார்கள்! தாயின் அடக்கச் சடங்கை ஒளிநாடாவில் மட்டும் பார்த்து அழுதவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள்.

இன்று நம்மில் பலரிடம் ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது. இது இறைவனின் கொடை. இந்நாட்டு மக்களின் கொடையும்கூட. ஆனால் அதை வைத்துக்கொண்டு நாம் எவ்வாறு பயணம் செய்கிறோம்? நம் வாகனத்தில், நம் சமையலைக் கட்டிக்கொண்டு, நம் உறவினர் வீட்டிலிருந்து புறப்பட்டு மற்றோர் உறவினர் வீட்டுக்குச் செல்கிறோம். அங்கே ஒரு மண்டபம், ஒரு விருந்து, நூறு படங்கள். பிறகு திரும்பி வருகிறோம். உறவுகளைப் பேணுவது நல்லது. அதை நான் குறைகூறவில்லை. ஆனால் எத்தனையோ நகரங்களுக்குச் சென்றும், எங்கும் நாம் அந்நியராக இருந்து பார்ப்பதில்லை.

பயணத்தின் மிகப் பெரிய பயன் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். வழி தெரியாமல் நிற்பதும், மொழி தெரியாமல் தடுமாறுவதும், முன்பின் அறியாத ஒருவருடைய இரக்கத்துக்காகக் காத்திருப்பதும் மனிதரைப் பண்படுத்தும். அந்தச் சிறு இயலாமையைச் சில நாட்களாவது உணர்ந்தவர், தம் வாசலில் வந்து நிற்பவரை வேறு கண்களோடு பார்ப்பார்.

எம்மாவுக்குச் சென்ற சீடர் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எருசலேமிலிருந்து ஏறத்தாழ பதினொரு கிலோமீற்றர் தூரம். வழியெல்லாம் உயிர்த்த ஆண்டவர் உடன் நடந்தார், மறைநூலை விளக்கினார், அவர்களுடைய உள்ளமும் பற்றி எரிந்தது. அப்போதும் அவரை அவர்கள் அறிந்துகொள்ளவில்லை. பொழுது சாய்ந்தபோது அந்த வழிப்போக்கரைத் தங்களோடு தங்குமாறு வற்புறுத்தி அழைத்தார்கள். அவர் அப்பத்தைப் பிட்டபோதே அவர்களுடைய கண்கள் திறந்தன. பதினொரு கிலோமீற்றர் நடை தராத தெளிவை ஒரு விருந்தோம்பல் தந்தது.

நாம் ஆகஸ்ட் மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் கூடும் கேவலாரின் வரலாறும் இதையே சொல்கிறது. முப்பதாண்டுப் போர் நடந்த காலம். 1641ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக் காலத்தில், ஊர் ஊராகச் சென்று பொருள் விற்ற ஹென்ட்ரிக் புஸ்மன் வழியோரச் சிலுவையடியில் செபிக்க நின்றபோது, அங்கே ஓர் ஆலயம் கட்டும்படி கூறும் குரலைக் கேட்டார். 1642 ஜூன் 1ஆம் நாள் அங்கு வைக்கப்பட்டது, லக்சம்பேர்க் அன்னையின் உள்ளங்கை அளவான ஒரு தாள் படம். துயருறுவோருக்கு ஆறுதலான அன்னை, போர்க்காலத்து வழிப்போக்கர் ஒருவர் வழியாகத் தமக்கு இடம் தேடிக்கொண்டார். நம் மடு அன்னையும் அப்படியே. ஒல்லாந்தர் காலத் துன்புறுத்தலில், 1670ஆம் ஆண்டு, மாந்தை மக்கள் அன்னையின் திருச்சுருபத்தைச் சுமந்துகொண்டு மடுக் காட்டுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். 2008 ஏப்ரலில் அதே திருச்சுருபம் போருக்குத் தப்பித் தேவன்பிட்டிக்குச் சென்றது. அகதிகளான மக்களோடு அன்னையும் இடம்பெயர்ந்தார்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? அண்மைக் காலமாக நம் நடுவிலும் ஒரு பேச்சைக் கேட்கிறேன். "நாங்கள் உழைத்து முன்னேறினோம், இப்போது வருகிறவர்கள் சலுகைக்காக வருகிறார்கள்." அன்பர்களே, இதே சொற்கள் 1985இல் நம்மைப் பற்றியும் இந்நாட்டில் பேசப்பட்டன. எகிப்தில் அந்நியராய் இருந்ததை மறவாதே என்று இஸ்ரயேலுக்கு ஆண்டவர் மீண்டும் மீண்டும் நினைவூட்டியது, மறப்பது அத்தனை எளிது என்பதால்தான். வந்த வழியை மறந்தவருக்கு எத்தனை நாடுகளின் முத்திரை இருந்தென்ன?

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

நீண்ட நேரம் வாகனத்தில் செல்லும்போது, நீங்கள் இந்நாட்டுக்கு வந்த வழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எந்த நகரம், எந்தக் குளிர், யார் முதலில் உணவு தந்தார் என்பதைச் சொல்லுங்கள். பலருடைய பிள்ளைகள் அதை இன்னும் கேட்டதில்லை.

கேவலாருக்கு வருவோர் இயன்றால் வாகனத்தைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, கடைசி சில கிலோமீற்றர்களைச் செபமாலையோடு நடந்து வாருங்கள். வாகனத்தில் ஓர் இருக்கை காலியாக இருந்தால், தனியே வர இயலாத ஒருவரை அழைத்து வாருங்கள். அவர் நம்மவராக இல்லாவிட்டாலும்.

பணமோ விடுப்போ உடல்நலமோ இல்லாமல் எங்கும் போக முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். கடன் வாங்கியும் பயணம் போக வேண்டாம். உங்கள் நகரிலேயே புதிதாக வந்தவர்கள் தங்கியிருக்கும் விடுதி ஒன்று இருக்கும். பேருந்தில் பத்து நிமிடம். அந்த அந்நிய வாசலில் நின்று மணியை அழுத்துங்கள். அதுவும் பயணம்தான்; ஒருவேளை இந்தக் கோடையின் மிக நீண்ட பயணம் அதுவாகவே இருக்கலாம்.

வழிப்போக்கராய் நம்மோடு நடக்கும் ஆண்டவர் உங்கள் போக்கையும் வரவையும் காத்து ஆசீர்வதிப்பாராக.

செபத்துடன்,
உங்கள் பங்குத்தந்தை